பதினொரு அடுப்படிகள்

"ஆறு மணிக்கு மேடையேற வேண்டிய ஆளு, அஞ்சு மணிக்கு வந்து பாட மாட்டேன்னா என்ன அர்த்தம், மிஸ்டர் லெட்ஃபோர்ட்?"

நோரீன் குரலை உயர்த்தியும் கோய் லெட்ஃபோர்ட் அசையவில்லை. சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடத்தின் பின்னறையில், மடக்கு நாற்காலியில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிடார் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

"பாட மாட்டேன்னு எங்க சொன்னேன்? அந்த ஏழாவது பாட்டை மட்டும் விட்டுடலாம்னேன். மிச்சம் பத்து இருக்கே."

"ஜனங்க வந்திருக்கறதே அந்த ஏழாவதுக்குத்தான்!"

ஏழு மாதத்துக்கு முன் இந்த மனிதரின் பெயரைக்கூட நோரீன் கேட்டதில்லை. யாரோ ஒரு எழுபது வயதுக்காரர், சொந்தச் செலவில் வீட்டுக் கொட்டகையில் பதிவு செய்த இசைத்தட்டைத் தன் பிக்அப் வண்டியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். 'பதினொரு அடுப்படிகள்' என்று பெயர். கென்டக்கி மலைக்குள் இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஒரு நிலக்கரிச் சுரங்கம் வெடித்துப் பதினோரு பேர் செத்தார்கள். செய்தி வந்த நேரத்தில் அந்தப் பதினொரு வீட்டு அடுப்படியிலும் என்ன நடந்தது என்பதுதான் பாட்டுகள். ஒரு பெண் மாவு பிசைந்த கையைக் கழுவப் போய்க் குழாயை மூடவே மறந்துபோகிறாள். இன்னொருத்தி வந்தவருக்குக் காப்பி ஊற்றுகிறாள்.

பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதும் நோரீன் லேசில் யாரையும் பாராட்டுபவள் இல்லை. பாடகர்கள் மறைவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் வினிகர். அவளே இந்த இசைத்தட்டைப் புகழ்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதினாள். அதன்பிறகு நாஷ்வில், சின்சினாட்டி என்று போன இடமெல்லாம் கூடம் நிறைந்தது. ஆனால் வெடிப்பு நடந்த இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தும், மூன்று முறையும் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார் கோய். இந்த முறை நோரீனே காரை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்திருந்தாள்.

"நீ என்னைப் பத்தி அவ்வளவு எழுதியிருக்கக் கூடாதும்மா."

"கம்மியா எழுதிட்டேன்னுதான் எல்லாரும் என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. அதிகம்னு சண்டைக்கு வந்த முதல் ஆளு நீங்கதான்."

கோய் சிரிக்கவில்லை.

கதவு திறந்தது. பெர்னிஸ் கோம்ஸ், ஒரு தட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்து எடுத்து வந்தாள். இன்றைய நிகழ்ச்சியை நடத்தும் விழாக் குழுவின் தலைவி அவள்தான். செத்த பதினோரு பேரில் அவள் கணவனும் ஒருவன்.

கோய் சட்டென்று எழுந்து நின்றார்.

"உக்காருங்க, உக்காருங்க. வெறும் வயித்தோட பாடினா குரல் எங்கிருந்து வரும்?" தட்டை நீட்டிவிட்டு நோரீன் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, ஏழாவது பாட்டைப் பத்தி நீ எழுதினது உனக்கு ஞாபகம் இருக்கா?"

மனப்பாடமாகவே இருந்தது நோரீனுக்கு. "'கணவன் இறந்த செய்தியைக் கேட்டதும் அந்தப் பெண் அழவில்லை. இன்னிக்கு நான் அவருக்குச் சாப்பாடு கட்டலை என்கிறாள். இந்த ஒரு வரியைக் கற்பனை செய்ய ஒரு மேதை வேண்டும்.'"

"கற்பனை இல்லை. அது நான்தான்."

பெர்னிஸ் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"முதல் நாள் ராத்திரி எங்களுக்குள்ள சண்டை. உப்புப் பெறாத விஷயம். கோவத்துல காலையில நான் எதுவும் கட்டிக் குடுக்கலை. காலி டப்பாவை எடுத்துக்கிட்டுப் போனாரு." பெர்னிஸின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இதை நான் பெத்த பிள்ளைங்ககிட்டக்கூடச் சொன்னதில்லை. பாதிரியார்கிட்டயும் சொன்னதில்லை. ரேடியோவுல இந்தப் பாட்டு வந்தப்ப, வண்டியை ஓரமா நிறுத்திட்டேன்."

"சில சமயம் தற்செயலா அப்படி அமைஞ்சுடும், மிசஸ் கோம்ஸ். பெரிய கலைஞர்களுக்கு…"

"உன்னை நான் கேக்கலை, பொண்ணே." பெர்னிஸ் கோயின் எதிரில் வந்து நின்றாள். "அவரு போன புதுசுல ராத்திரி என்கூடத் துணைக்குப் படுத்துக்கிட்டது என் தங்கச்சிதான். தூக்கத்துல நான் ஏதாவது உளறி, அவ கேட்டு, உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சத்தியமா நான் சொல்லலைன்னு அழறா. மூணு மாசமா அவகூட எனக்குப் பேச்சில்லை. கேக்கணும்னுதான் உங்களை மூணு தடவை கூப்பிட்டேன். சொல்லுங்க, அவதானே?"

வெளியே கூடத்தில் பெஞ்சுகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கோய் தட்டை மேஜையில் வைத்தார்.

"உங்க தங்கச்சியை நான் பாத்ததே இல்லை. அவங்ககூடப் பேசுங்க."

"அப்ப வேற யாரு?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நானா? உங்களை இன்னிக்குத்தானே முதமுதலாப் பாக்கறேன்!"

"அன்னிக்கு நீங்க என் முகத்தைப் பாக்கலை, கையில இருந்த கடுதாசியைத்தான் பாத்தீங்க," என்றார் கோய். "அந்தப் பதினொரு வீட்டுக்கும் சேதி சொல்லச் சுரங்கக் கம்பெனி அனுப்பின ஆளு நான்தான்."