சாணுக்கு ஒரு கொத்து

"மாசக் கடைசிக்குள் இந்தத் தரை பச்சையாக மூடவில்லை என்றால், தங்கள் சேவை இக்குடியிருப்புக்குத் தேவைப்படாது. இதனால் தெரிவித்துக்கொள்வது அவ்வளவுதான்."

குடியிருப்புச் சங்கச் செயலாளர் பேசுவதே அப்படித்தான். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால்கூடக் கடைசியில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார் என்று பேச்சு. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'சர்க்குலர்'.

தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். "சார், கோரையைத் தோண்டி எடுத்துட்டுப் படர்ற புல்லு வச்சிருக்கேன். சாணுக்கு ஒரு கொத்து. கணுவுக்குக் கணு மண்ணுல பதிஞ்சாத்தான் வேர் விட்டு ஓடும். நாம அவசரப்பட்டா அது அவசரப்படுமா?"

"பாதி சிரைத்த தலை மாதிரி இருக்கிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்."

சொல்லிவிட்டு சர்க்குலர் போய்விட்டார். தோட்டக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கினார். ஐம்பத்தெட்டு வயசுக்காரனை இனி எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?

கொத்துக் கொத்தாக மிதித்துக்கொண்டே போனார்.

"ஏம்பா, புல்லு மேல உனக்கு என்ன கோபம்?"

தரைத்தள வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார். சர்க்குலரின் மனைவி. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். பிசியோதெரபிப் பெண் தினமும் வந்து, "ஆன்ட்டி, ஒரே ஒரு ரவுண்டு, எனக்காக" என்று குழைவாள். சர்க்குலர், "நடைப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டுள்ளது" என்பார். இரண்டு பேருக்கும் அம்மாளிடம் ஒரே பதில்தான்: "நடந்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறேன்?"

"கோபம் இல்லம்மா. கணுவ மண்ணோட ஒட்ட வைக்கிறேன். ஒத்தை ஆளா மிதிக்கவும் மிதிச்சு, முளைச்சு வர்ற கோரையையும் பிடுங்கி, எப்ப முடிப்பேன்னு தெரியல. அதுக்குள்ள சார் என்னைப் பிடுங்கிருவாரு."

அம்மாள் கைத்தடியைத் தேடினார்.

"நான் ரெண்டு மிதி மிதிச்சா ஆகுமா?"

"வெறுங்கால்ல மிதிச்சா இன்னும் நல்லதும்மா."

அன்று எட்டுக் கொத்து. மறுநாள் ஒரு வரிசை. பத்தாம் நாள், தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இந்த மூலையை யாரு விட்டது?" என்று தோட்டக்காரரையே அதட்டும் அளவுக்கு வந்துவிட்டார்.

சர்க்குலர் கண்ணில் அது பட்டது.

"நோயாளியிடம் வேலை வாங்குகிறீர்களா? இது விதிமீறல்."

"நீங்க உள்ள போங்க. உங்களால ஒரு மனுஷன் பிழைப்பு போகப் பார்க்குது. அதைக் காப்பாத்தத்தான் மிதிச்சுக்கிட்டிருக்கேன்," என்றார் அம்மாள்.

சர்க்குலர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவியின் கால்களைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

புல் கணுக்கணுவாக ஓடி ஒன்றையொன்று தொட்டது. மாசக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம்.

"இன்னும் ரெண்டு நாள்தாம்மா. அப்புறம் உங்களுக்கு விடுதலை," என்றார் தோட்டக்காரர், வராந்தா வரை கேட்கிற சத்தத்தில்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், நட்டநடுவே பன்னிரண்டு கொத்தைக் காணோம். சொட்டை விழுந்த மாதிரி மண் தெரிந்தது.

"பூனையா இருக்கும்ணே," என்றார் வாட்ச்மேன். "இப்பல்லாம் பூனைங்க ரொம்ப மோசம்."

"பூனை பிடுங்கும், சரி. பிடுங்கினதை ஈரச் சாக்குல சுத்தி, குழாயடி நிழல்ல வச்சிட்டும் போகுமா?"

வாட்ச்மேன் யோசித்தார். "வளர்ப்புப் பூனையோ என்னவோ."

வேரில் ஒரு கீறல் இல்லை. தோட்டக்காரர் அத்தனையையும் திரும்ப நட்டார். அம்மாள் திரும்ப மிதித்தார்.

"ஏம்பா, நான் மிதிச்சதும் உன் புல்லு எந்திரிச்சு ஓடுதா?"

அடுத்த நாள் வேறொரு மூலை. அதற்கடுத்த நாள் பாதை ஓரம். இவர் நட நட, யாரோ பிடுங்கப் பிடுங்க. மாசக் கடைசிக்கு மூன்றே நாள்.

தோட்டக்காரர் கிழக்கு வெளுக்கும்போதே வந்து மோட்டார் அறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

தரைத்தளக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. சர்க்குலர். ஒரு கையில் சாக்கு, இன்னொரு கையில் சமையலறைக் கரண்டி. அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டுக் குத்த வைத்து உட்கார்ந்தார். ஒரு கொத்தின் அடியில் கரண்டியை விட்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மண்ணோடு தூக்கினார்.

தோட்டக்காரருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

"சார்."

சர்க்குலர் திடுக்கிட்டு எழுந்தார். கரண்டி முதுகுக்குப் பின்னால் போனது.

"என்னை அனுப்பணும்னா மூஞ்சிக்கு நேரா அனுப்பியிருக்கலாமே சார். உங்க வீட்டம்மா வலியோட வலியா மிதிச்ச புல்லு இது. அதைப் போயி..."

"மெதுவாப் பேசுய்யா. அவ முழிச்சுக்குவா."

சர்க்குலர் வாயில் இப்படி ஒரு பேச்சைத் தோட்டக்காரர் கேட்டதே இல்லை.

"உன் வேலை எங்கயும் போகாது. கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ பாட்டுக்கு நட்டுக்கிட்டே இரு, நான் பாட்டுக்குப் பிடுங்கிக்கிட்டே இருக்கேன்."

"எதுக்கு சார்?"

சர்க்குலர் கரண்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"தரை மூடிட்டா அவ நடக்கறதை நிறுத்திடுவாய்யா."