நான்காவது சாப்பாட்டுப் பெட்டி

ஸின்ச்சு நகரில் இருந்த அந்த அலுவலகத்தில், குழுவில் எத்தனை பேர் என்று கணினியே தினமும் எண்ணிப் பார்த்து, ஆளுக்கொரு மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கடையில் சொல்லிவிடும். பழைய இயந்திரத்தை மூடிவிட்டு, அந்த நிரலை வேறு இயங்குதளம் கொண்ட புதியதற்கு மாற்றியவள் பெய்-யூன். குழுவில் மூன்றே பேர். அவள் திறந்த கணக்குகளும் மூன்றுதான். அன்று நான்கு பெட்டிகள் வந்தன. நான்காவதன் மேல் ஒட்டிய சீட்டில் பெயர் இல்லை. 1013 என்ற எண் மட்டும் இருந்தது.

"நிரலை மாத்தச் சொன்னா ஆளையே சேர்த்துட்டீங்களேக்கா!" என்று சிரித்தான் குழுவில் இளையவனான ஜுங்-வெய்.

அவள் எரிச்சலோடு திரையைத் துழாவினாள். பழைய நிரல், குழுவின் பட்டியலில் பின்னால் எழுதிச் சேர்த்த பெயர்களை மட்டுமே படித்திருந்தது. கணக்கு திறக்கும்போதே இந்தக் குழுவைச் சொந்தக் குழுவாகக் கொண்டவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். புதியது அவர்களையும் எண்ணியது. 1013 அந்த வகைக் கணக்கு; ஆனால் அதை அவள் திறக்கவே இல்லை.

"அழிச்சுத் தள்ளுங்கக்கா."

"அதெப்படிடா? நாமதான் பின்னால ஒட்டிக்கிட்டவங்க. இடமே அவரோடது" என்றாள், விளையாட்டாக.

நான்காவது பெட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

மாலையில் அது காலியாக இருந்தது. கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. சீட்டை மட்டும் காணோம். பை எடுக்கத் தன் மேசைக்குத் திரும்பினாள் பெய்-யூன். சீட்டு அவளுடைய நாற்காலியின் முதுகில், சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது.