மூடிவைத்த அண்டா

நாளைக்குப் பெரிய குழாய்களை அலசப்போகிறார்கள், இரண்டு நாளைக்குத் தண்ணீர் வராது என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ காலையில் சொல்லிப்போனதிலிருந்து ஸாலிஹா நிரப்பிக்கொண்டே இருக்கிறாள். குடங்கள் முடிந்தன, வாளிகள் முடிந்தன, இப்போது கந்தூரிக்குச் சோறாக்கும் சட்டி. ஊர் முழுக்க இதே வேலை என்பதால் குழாய் நூலாய்த்தான் ஒழுகுகிறது. சட்டித் தண்ணீரில் பட்ட மாலை வெயில் கூரைத் தகரத்தில் நெளிகிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் சுவரில் சாய்கிறாள். ஏழு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் அவள் புருசன் அசனார், உள்ளறையில் ஒவ்வொரு பாத்திரமும் நிரம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "இஞ்ச பாரு புள்ள, இந்த ரெண்டு நாளைக்குள்ள நான் கண்ண மூடி மவுத்தானா, கிணத்துத் தண்ணியில குளிப்பாட்ட விட்டிராத. ஒரே உப்பு. உடம்பெல்லாம் கடிக்கும்." "சும்மா இரிங்க. நல்ல சொல்லே வாயில வராதா?" என்கிறாள் ஸாலிஹா. அவள் குரலில் கோபப்படவும் தெம்பில்லை. நிரம்பிய சட்டியைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போகிறாள். அங்கே மூலையில், காலையில் எல்லாவற்றுக்கும் முதலில் அவள் நிரப்பிய பெரிய அண்டா வெள்ளைத் துணியால் மூடி இருக்கிறது. அதில் ஒரு கோப்பை அள்ளவும் அவள் யாரையும் விடவில்லை.