சத்தம் அடங்கிய பெட்டி

மரக்காணம் உப்பளத்து வரப்பில், தகரக் கூரையின் அடியில், சூரிய மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் முன் மெக்கானிக் ஆரோக்கியசெல்வி குந்தியிருக்கிறாள். பெட்டியின் திரை தொண்ணூறு டிகிரி காட்டுகிறது. தொண்ணூற்றைந்தில் அது தானே நின்றுவிடும். நின்றால் பாத்திக்கு நீர் ஏறாது, விளைந்த உப்பு மதியத்துக்குள் காய்ந்து சேற்றோடு ஒட்டிவிடும். இந்தச் சூடு அவள் செய்த வேலை. பெட்டி கீச்சிடுவதாக உப்பளக்காரர் குப்புசாமி நேற்று முறையிட்டதால், உள்ளிருக்கும் நான்கு டிரான்சிஸ்டர்களும் நொடிக்கு ஆறாயிரம் முறைக்குப் பதில் இருபதாயிரம் முறை திறந்து மூடும்படி மாற்றிவைத்தாள். சத்தம் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆனால் திறப்பதற்கும் மூடுவதற்கும் இடைப்பட்ட இமைப்பொழுது ஒவ்வொன்றிலும் சிறிது மின்சாரம் சூடாக வீணாகிறது; இருபதாயிரம் சிறிதுகள் சேர்ந்து இப்போது பெட்டியின் அலுமினியத் தகடுகளைத் தொடமுடியாதபடி தகிக்கவைக்கின்றன.

குப்புசாமி, சொட்டும் ஈரச் சாக்கோடு ஓடிவந்து பெட்டியைப் போர்த்தப் போகிறார்.

"ஐயோ, அது பாத்தித் தண்ணிங்க! உப்பு உள்ள எறங்குனா மொத்தமும் போயிடும்."

"இங்க வேற தண்ணி ஏதும்மா? பன்னீரா வச்சிருக்கேன்?"

"பழையபடி மாத்துறேன். கத்தும், பரவால்லயா?"

"கத்தட்டும்மா, பஞ்சு வச்சிக்கிறேன்."

அவள் விரல் பொத்தானை அழுத்துகிறது. வெள்ளை வெளியெங்கும் கீச்சொலி பரவுகிறது. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு. குழாய் வாயில் நீர் விழுந்தபடி இருக்கிறது. தொண்ணூற்று நான்கு.

"எறங்குதாம்மா?"

"ஏறலங்க," என்கிறாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.