அவ இருந்தா போதும்

“குழந்தை இல்லாட்டிப் பரவால்ல டாக்டர். அவ இருந்தா போதும்.”

தங்கையின் கணவன் இப்படிச் சொன்னதும் அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

தங்கையின் இதய வால்வைக் கிருமி அரித்துவிட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு வேறு பொருத்தியாக வேண்டும். திசு வால்வு என்றால் பிள்ளை பெறலாம். ஆனால் சில வருடங்களில் தேய்ந்துபோய் மறுபடி நெஞ்சைத் திறக்கவேண்டி வரும். உலோக வால்வு காலத்துக்கும் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. பிள்ளைப்பேறு உயிருக்கே ஆபத்து.

“திசு வால்வே வைக்கச் சொல்லுக்கா. ஒரு பிள்ளையாவது பெத்துக்கிறேன்” என்று காய்ச்சலிலும் கெஞ்சினாள் தங்கை. கணவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசிக் கரைத்தான். கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தலையாட்டினாள்.

அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. காத்திருப்போர் கூடத்தில் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அவன் எழுந்துபோய் வாங்கி, தோளில் சாய்த்து, முதுகை மெல்ல நீவிவிட்டான். ஏப்பம் விட்ட குழந்தை அப்படியே தூங்கிப்போனது.

“உங்களுக்கு எத்தனை பசங்க?” என்றாள் அந்தப் பெண்.

“இல்லீங்க” என்று சிரித்தான்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவனுக்கா இப்படி ஒரு குறை? வேலை வேலை என்று பாதி நாள் வெளியூரிலேயே கிடக்கிறானே என்று அவனை எத்தனை முறை கரித்துக்கொட்டியிருப்பாள். இப்போது நினைக்கக் கூசியது.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். “நல்லபடியா முடிஞ்சது. உலோக வால்வு பொருத்தியாச்சு. யாராவது ஒருத்தர் போய்ப் பாருங்க.”

“நீங்க போங்க தம்பி” என்றாள் அக்கா. “எங்கப்பா அம்மா இருந்திருந்தாக்கூட அவளை இப்படித் தாங்கியிருக்க மாட்டாங்க.”

செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸ் தடுத்தாள். அவசரத்தில் அதை அக்காவின் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திரையில் ‘ஆபீஸ்’ என்றிருந்தது. பாவம், அவர்களும் கவலையோடு இருப்பார்கள், நல்ல செய்தியைச் சொல்லிவிடலாம் என்று எடுத்துக் காதில் வைத்தாள்.

அவள் வாய் திறக்கும் முன் மறுமுனையில் ஒரு மழலைக் குரல் கேட்டது.

“அப்பா, இன்னிக்காவது வீட்டுக்கு வர்றியா?”