வெள்ளிக்கிழமைப் பை

"முகம் வடிவா விழுதோ எண்டு பார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிற படமடி" என்றாள் ஜெனோஜா.

கிறீனிச் மலையில், பூமியைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கும், தரையில் பதித்த அந்தக் கோட்டின் மேல் நின்றாள். இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். மயூரா சிரித்துக்கொண்டே தன் கைபேசியில் படம் எடுத்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வருடத்து வன்மம் இருந்தது.

"அப்பா ஓம் எண்டு சொல்லிப்போட்டார். அவர் ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதான்" என்றாள் ஜெனோஜா. "உனக்குச் சந்தோசம்தானே?" என்று மயூரா கேட்டபோது, "காத்துக்குத் தலைமயிர் கலையுது, கெதியா எடு" என்றாள்.

இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்தவர்கள். ஹவுன்ஸ்லோவில் ஒரே அறை. கிழமை நாட்களில் வகுப்பும் வேலையும். சனி ஞாயிறு வந்தால் பிறைற்றன், பாத், ஒக்ஸ்போர்ட் என்று ஊர் சுற்றல். வெள்ளிக்கிழமை பின்னேரமே கட்டிலடியில் இரண்டு பைகள் தயாராக இருக்கும்.

போன வருடம் மயூராவுக்கு சூரிச்சிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தர்சிகன். வீடியோவில் இரண்டு தரம் கதைத்ததிலேயே மயூராவுக்குப் பிடித்துப்போயிற்று. பெண் எப்படி என்று விசாரிக்காமல் நம் சனம் சம்பந்தம் செய்யுமா? கூட இருப்பவள் என்று ஜெனோஜாவிடம் கேட்டார்கள்.

"அவள் வெள்ளிக்கிழமை பின்னேரமே பையைக் கட்டிப்போடுவாள். ஆரோட போறாள் எண்டு நான் கேக்கிறேல்லை" என்றாளாம். இரண்டாவது பை தன்னுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சம்பந்தம் முறிந்தது. தரகர் அந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் மயூராவின் அம்மாவிடம் ஒப்பித்துவிட்டுப் போனார். ஊரார் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு, கோயிலுக்குக்கூடப் போகாமல் அம்மா வீட்டுக்குள்ளேயே கிடந்தாள்.

மயூரா சண்டை போடவில்லை. சண்டை ஒரு நாளில் ஆறிவிடும். கூட இருந்தே குழி பறித்தவளைக் கூட இருந்தே அதே குழியில் தள்ள வேண்டும் என்று, ஒன்றும் தெரியாதவள்போல் அவளோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது மயூராவின் கையிலிருந்த கைபேசி அடித்தது. தெரியாத எண்.

"பிள்ளை, நான் அப்டன் பார்க்கிலயிருந்து வசந்தமலர் கதைக்கிறன். ஜெனோஜாவை எங்கட மகனுக்குப் பேசியிருக்கிறம். அவதான் உம்மட நம்பரைத் தந்தவ. தன்னைப் பற்றி உம்மட்டைக் கேட்டாப் போதும் எண்டு சொன்னவ."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஜெனோஜாவுக்கு என்ன நெஞ்சழுத்தம்! செய்தது எதுவும் மயூராவின் காதுக்கு எட்டவில்லை என்ற நினைப்பு.

"ஆரடி?" என்று கோட்டின் மேலிருந்தே கேட்டாள் ஜெனோஜா.

"வேலையிலயிருந்து. ஷிப்ட் மாத்தக் கேக்கினம்."

"ஆறுதலாக் கதைச்சிட்டு வா. நான் இங்கதான் நிக்கிறன்."

மயூரா ஒரு மரத்தடிக்குப் போனாள். பாத் நகரத்து மழையில் இருவரும் ஒரே குடைக்குள் நடந்தது ஒரு கணம் நினைவுக்கு வந்து மனம் இளகியது. உடனே அம்மாவின் அழுத முகமும் வந்தது. இளகிய மனம் திரும்பவும் இறுகிவிட்டது.

"என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை? எதெண்டாலும் உண்மையைச் சொல்லும்."

"அவள் வெள்ளிக்கிழமை பின்னேரமே பையைக் கட்டிப்போடுவாள் அன்ரி. ஆரோட போறாள் எண்டு நான் கேக்கிறேல்லை."



"அப்பிடியே சங்கதி? நல்ல காலம், நேரத்தோட சொன்னீர்." இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் போக நேரமாகும். நம்மவர்களின் கதை போக நேரமாகாது. இருவரும் மலையிறங்கி ஆற்றங்கரைக்கு வருவதற்குள் ஜெனோஜாவின் கைபேசி அடித்தது. அப்பா போட்ட சத்தம் மயூராவுக்கும் கேட்டது.

"இல்லையப்பா… நான் என்னப்பா செய்ய… அவையே வேண்டாம் எண்டு சொல்லிட்டினமோ?"

கைபேசியை வைத்துவிட்டு, ஆற்றங்கரைக் கம்பியைப் பிடித்தபடி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள் ஜெனோஜா. தோள்கள் குலுங்கின. மயூராவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அழட்டும், அம்மா அழுத அழுகையில் பாதியாவது அழட்டும்.

"என்னடி நடந்தது?" என்று குரலில் தேன் தடவிக் கேட்டாள்.

ஜெனோஜா திரும்பினாள். கண்ணில் நீர் இருந்தது. அது சிரித்துச் சிரித்து வந்த நீர்.

"எடின்பரோவுக்கு ரெண்டு டிக்கெட் போடட்டே?"

"சம்பந்தம் குழம்பிட்டுது… உனக்குக் கவலையில்லையே?" என்று கேட்டாள் மயூரா.

"நான் வேண்டாம் எண்டால் அப்பா கேப்பாரே? மாப்பிள்ளை வீட்டுக்காரரே வேண்டாம் எண்டாத்தான் உண்டு. அவைக்கு ஆரும் என்னைப் பற்றிக் கெட்டதாச் சொல்லவேணும்."

மயூராவின் தோளில் கை போட்டுக்கொண்டு, காதருகே வந்து சொன்னாள்:

"அதுக்குத்தானேடி உன்ர நம்பரைக் குடுத்தனான்."