ஒரு பாட்டு நேரம்

“நாளையிலேர்ந்து இந்த வண்டி உங்களோடது இல்லை. இன்னிக்காவது இறங்கி வாங்களேன்!”

வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள் டிரைவரின் மனைவி. டிரைவர் ஸ்டியரிங்கை விடுவதாக இல்லை.

“இறங்கினா வண்டியை யார் பார்ப்பா?”

“வாசல்ல அத்தனை செக்யூரிட்டி நிக்கிறாங்களே!”

“அவங்க வாசலைப் பார்ப்பாங்க.”

தூறல் விழுந்துகொண்டிருந்தது. அரங்கத்துக்குள் கச்சேரி ஆரம்பித்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. வெளியே நின்ற வேன்கூட அதிர்ந்தது.

‘ஐந்தாவது கியர்’ ராக் குழுவுக்கு இன்று சுவருக்குச் சுவர் போஸ்டர். ஆரம்பத்தில் அவர்களுக்கு இருந்தது இந்தப் பழைய வேனும் இந்த டிரைவரும்தான். வண்டிக்கு நாலே கியர். அதைக் கிண்டல் செய்துதான் பசங்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். அப்போதெல்லாம் கேட்க வந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள் அதிகம்.

அந்த நாளில் ஒருமுறை அவர் டீ குடிக்கப் போன நேரம், பின்கதவு வழியாக ஒரு கிதார் காணாமல் போனது. பசங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே தனக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டார். கச்சேரி முடியும்வரை வண்டியை விட்டு இறங்குவதில்லை. பிறகு ஒரு பாட்டு எல்லோருடைய ஃபோனிலும் ஓடி, பசங்கள் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டார்கள். சாமான்களுக்கு லாரி வந்தது, ஆட்கள் வந்தார்கள். பழைய கிதார்கள் மட்டும் இன்னும் வேனில்தான் பயணம் செய்தன. அவரும் அசையவில்லை.

போன வாரம் கண் டாக்டர் இனி வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். பார்வை மங்கிக்கொண்டே போகுமாம். இன்றுதான் கடைசிப் பயணம்.

“இத்தனை வருஷம் சுமந்தீங்க. ஒரு தடவை மேடையில பார்த்ததுண்டா?”

“தினமும் கண்ணாடியில பார்க்கிறேனே. பின்சீட்ல வாயைப் பொளந்துட்டுத் தூங்கறதை.”

“நல்லா இருக்கு! கல்யாணத்துக்குப் போய் செருப்புக்குக் காவல் இருந்துட்டு வந்த கதைதான்.”

அவளுக்கு அழுகை வந்தது. கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே அவர் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் தையல் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மழைக்கோட்டின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு இளைஞன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

“பெரியண்ணே, சாவியைக் குடுங்க. ஒரு பாட்டு நேரம் நான் உட்கார்றேன்.”

“வேலையை விட்டுட்டு இங்க என்னடா பண்றே?”

“இப்போ கொஞ்ச நேரம் சும்மாதான்ணே இருக்கேன். பிடிவாதம் பிடிக்காதீங்க.”

டிரைவர் அவனையே பார்த்தார். பிறகு, அதிசயமாய், இறங்கினார்.

“பின்கதவு கொக்கி சரியா மாட்டாது. இடிச்சுச் சாத்தணும். யார் வந்தாலும் திறக்காதே.”

“தெரியும்ணே. போங்க!”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் கெஞ்சினேன், கல்லு மாதிரி இருந்தீங்க. இந்தத் தம்பி கேட்டதும் சாவியைத் தூக்கிக் குடுக்கறீங்க!” என்றவள் இளைஞன் பக்கம் திரும்பினாள். “வந்ததுதான் வந்தே தம்பி, ரெண்டு மூணு பாட்டுக்கு இருக்கக் கூடாதா?”

“ஆசைதான் அண்ணி. உள்ளே தேடுவாங்க.”

“சரியான கருமி” என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

உள்ளே எங்கு பார்த்தாலும் தலைகள். மேடையில், அவள் போஸ்டரில் பார்த்திருந்த அந்தப் பாடகன் கிதாரோடு தனியாக நின்று பாடிக்கொண்டிருந்தான்.

“என்னங்க, காது கிழியும்னு நினைச்சேன். தாலாட்டு மாதிரி இருக்கு?”

“இது மெதுவான பாட்டு. பேசாம கேளு.”

அவர் உதடுகள் கூடவே அசைந்தன. ஒவ்வொரு வரியும் அவர் முதுகுக்குப் பின்னால், வேனில் பிறந்தது.

“இந்த வரி, பாலம் தாண்டறப்ப வந்தது” என்றார் மெல்ல. “இது டயர் பஞ்சர் ஆன இடம்.”

அவள் மேடையை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கிற நேரம் வீணாகிவிடுமோ என்று அவர் துடைக்கவும் இல்லை. இந்த மனிதரை அவள் இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு!”

“வாக்குக் குடுத்தாச்சு. வா, வா.” அவளை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

“அந்தத் தம்பிக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா? இருங்க, அவன் யாருன்னு கேட்டு உங்க பசங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்!”

வேனில் அந்த இளைஞன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். குதித்து இறங்கி, சாவியைக் கொடுத்தான்.

“எல்லாம் பத்திரமா இருக்குண்ணே. அண்ணி, இதைக் கொஞ்சம் வெச்சுக்கோங்க.”

மழைக்கோட்டைக் கழற்றி அவள் கையில் திணித்தவன், இடுப்பில் செருகியிருந்த இரண்டு ட்ரம்ஸ் குச்சிகளை உருவிக்கொண்டு மேடையின் பின்வாசலுக்குப் பறந்தான். அவள் திறந்த வாயை மூடுவதற்குள், அவனுக்காகவே நின்றிருந்த கச்சேரி அரங்கம் அதிர மறுபடி தொடங்கியது.